ஆறட்டும் அக்காவின் பெரிய பானை

சின்னவள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது மாடிப்படியில். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வந்த ஆள், மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, "ஆறட்டும் வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணு நீங்கதானே?" என்று கேட்டார். சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி யாரும் இங்கே இல்லை, வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள். அந்த மனிதர் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு பொழுது இருந்து பாருங்க, யாருன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

ஒரு பொழுது கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் அவளுடைய ஓரகத்தி, அதாவது புருஷனின் அண்ணன் மனைவி, டீ ஊற்றிக் கொடுத்தாள். சின்னவள் டம்ளரைத் தூக்கப் போக, "ஆறட்டும்" என்றாள். அரைமணி கழித்து அண்ணனும் தம்பியும் எதற்கோ முட்டிக்கொண்டார்கள். சின்னவள் பதறிப்போய் நடுவில் போகப் பார்த்தாள். ஓரகத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "ஆறட்டும்" என்றாள். இரண்டு பேரும் கத்தி முடித்து, ஒரே சோப்பில் கை கழுவிக்கொண்டு சாப்பிட வந்தார்கள். படுக்கப் போகும் முன் மாமனார் முழங்காலில் சிராய்ப்பைக் காட்டி மருந்து போடச் சொன்னார். அவள் துடைத்துவிட்டுக் காற்றாட விட்டாள். என்ன சொன்னாள் என்று சொல்லவும் வேண்டுமா?

டீக்கும் அதே வார்த்தை, கோபத்துக்கும் அதே வார்த்தை, புண்ணுக்கும் அதே வார்த்தை. ஒரே சாவியை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாப் பூட்டையும் திறக்கிறவள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெயர் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பது சின்னவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓரகத்தி, அந்த வீட்டுப் பெரியவள், வேலை பார்த்தது ஊர்க் கோடியில் இருந்த சலவைக்கூடத்தில். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் மேஜைத் துணியும், ஆஸ்பத்திரிப் போர்வையும் லாரி லாரியாக அங்கே வரும். சிலிண்டர்காரரின் பெண்சாதியும் அங்கேதான் வேலை பார்த்தாள். சின்னவளே ஒரு பருவம் போய் அங்கே நின்று பார்த்திருக்கிறாள். நின்றால்தான் தெரியும் அந்தப் பாடு. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான சூட்டு உருளை ஒன்று ஓயாமல் சுற்றும். ஒரு பக்கம் ஈரத் துணியை நீட்டினால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். விழுகிற பக்கத்தில் நின்று பிடித்து மடிப்பது பெரியவளின் வேலை. உள்ளங்கை தோல் செருப்புத்தோல் மாதிரி ஆகியிருந்தது. முகத்தில் எந்நேரமும் ஆவி அடித்து, வெளியே மழை பெய்தாலும் அவளுக்கு மட்டும் கோடைக்காலம்தான்.

அந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு. சுடச்சுட வருகிற துணியை அடுக்கக் கூடாது. தள்ளுவண்டிக்குள் போட்டு மூடவும் கூடாது. அடுக்கினால் மேலே கை வைத்துப் பார்க்கும்போது ஜில்லென்று இருக்கும், நடு அடுக்கு மட்டும் உள்ளுக்குள்ளேயே காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்து காய்ந்து ஒரு கட்டத்தில் தானாகவே புகையும். பெரியவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பெண் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் துண்டுகளைச் சூட்டோடு வண்டியில் திணித்து மூடிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு மூலையே கரியாக இருந்தது. அதிலிருந்து மேஸ்திரி பெரியவளைக் காவலுக்குப் போட்டார். அவள் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் அடுக்கலாம். நாள் முழுக்கப் பெண்கள் கேட்பார்கள், "அக்கா, அடுக்கலாமா?" அவள் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். "ஆறட்டும்." அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவள் ஆறட்டும் அக்கா ஆனாள். வாங்குகிற கூலியோடு அந்த வார்த்தையும் வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் அதற்குத் துணையாக ஒரு ஃப்ரிட்ஜும் இருந்தது. எந்த ஓட்டலிலோ கழித்துக் கட்டியதைப் பெரியவர், அதாவது பெரியவளின் புருஷன், வாங்கிப் போட்டிருந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்கிற மனிதர், அந்த ஃப்ரிட்ஜ் முனகுகிற முனகலைக் கேட்டு மட்டும் பயந்தார். "சூடா எதையும் உள்ள வச்சிடாதீங்க, மோட்டார் போயிடும்" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அவள் ஏற்கெனவே அப்படி. அவரும் அப்படிச் சொன்னதும் அது அந்த வீட்டின் வேதமாகிவிட்டது.

வருஷக் கடைசி விடுமுறைக்குக் குடும்பம் முழுக்க அந்த மூன்றாவது மாடிக்குத்தான் வரும். மாமியார் இருந்த காலத்திலிருந்து வந்த வழக்கம். மாமியார் போன பிறகு கரண்டி பெரியவள் கைக்கு வந்தது. கூடவே அந்தப் பெரிய பானையும் வந்தது. அது மாமியாரின் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய அலுமினியப் பானை. தங்கை வேண்டாமென்று சொல்லி அக்காவிடமே தள்ளிவிட்டது. உள்ளே குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு ஆழம். நாத்தனாரைச் சின்ன வயதில் அதில்தான் குளிப்பாட்டினார்கள் என்று மாமனார் ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்வார். "அதான் அந்தப் பானைல செஞ்சா மட்டும் கோழிக்கு இவ்வளவு ருசி" என்பார். நாத்தனாரும் ஒவ்வொரு தடவையும் முறைப்பாள்.

அந்த வருஷம் ஓட்டல்களில் கூட்டம் தாங்கவில்லை. விடுமுறைக்கு முந்தின நாள் வரைக்கும் பெரியவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மேஜைத் துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. நின்று நின்று கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு மாடிப்படி ஏறி வந்தவள், முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். சின்னவளுக்கு அப்போது கைக்குழந்தை. இடுப்பில் பிள்ளையோடு அவளால் முடிந்தது வெங்காயம் உரிப்பதும் மிளகு இடிப்பதும்தான். கோழி எட்டையும் பெரியவளே தொட்டியில் போட்டுக் கழுவி, வெட்டி, வதக்கி, சாறு கெட்டியாகும் வரை கிண்டி இறக்கினாள். வாசனை படிக்கட்டு வழியே கீழ்வீட்டுக்காரர்கள் வரைக்கும் போயிற்று.

இறக்கி வைத்ததும் மூடி போட்டாள். பூச்சி விழக் கூடாது, தூசி படக் கூடாது என்று ஓட்டல் கழித்த மேஜைத் துணி ஒன்றை நாலாக மடித்து மேலே போர்த்தினாள். பானை மேடையைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. பால் காய்ச்ச இடமில்லாமல் சின்னவள் கேட்டாள், ரெண்டு மூணு பாத்திரத்தில் பிரித்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாமா என்று.

"ஆறட்டும்" என்றாள் பெரியவள். சொல்லும்போதே கண் மூடிக்கொண்டது. சுவரில் சாய்ந்தவாறே தூங்கிப் போனாள்.

காலையில் எழுந்ததும் புறங்கையால் பானையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஆளுக்கு ஒரு காது பிடித்து இரண்டு பேருமாகத் தூக்கி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தார்கள். விருந்தாளிகள் படியேறுகிற சத்தம் கேட்டதும் எடுத்து அடுப்பில் ஏற்றினாள். ரொம்ப நேரம் கொதித்தால் கறி நாராகிவிடும், கோழி கரைந்துவிடும் என்று சூடு மட்டும் காட்டினாள். நம் அடுப்படியில் எல்லோரும் சொல்கிற பேச்சுத்தானே அது, லேசா சூடு காட்டினா போதும் என்று.

எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். வாடையில் ஒரு குறை இல்லை, ருசியில் ஒரு குறை இல்லை. நாத்தனார், அவள் புருஷன், பிள்ளைகள் இரண்டும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமனார் எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தட்டு ஓரத்தில் கோட்டை கட்டினார். பெரியவளுக்கு மட்டும் இறங்கவில்லை. களைத்த உடம்புக்கு வாசனையே போதும் என்று ஒரு டீயும் ரொட்டித் துண்டுமாக முடித்துக்கொண்டாள். சின்னவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதால் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டாள்.

விடியும்போது வீடு விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்டது என்ன, வயிறு எழுப்பிவிட்டது. அந்த வீட்டில் கழிவறை ஒன்றே ஒன்று. பெரியவர் கதவைத் தட்டுகிறார், உள்ளே தம்பி. தம்பி வந்தால் சின்னவள். பஸ் நிறுத்தத்தில் கூட அப்படி வரிசை நின்றதில்லை. நாத்தனார் வீட்டிலிருந்து போன் வந்தது. அங்கேயும் நாலு பேரும் அதே கதி என்று. மாமனார் மட்டும் வரிசைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலிலேயே கிடக்கிறார், உதடு வறண்டு, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புகிறார். சர்க்கரையும் நெஞ்சு வலியும் உள்ள உடம்பு. பெரியவர் ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே மறு கையால் அப்பாவைத் தூக்கினார்.

அத்தனை பேரிலும் பெரியவள் ஒருத்திதான் நிமிர்ந்து நின்றாள். எல்லாருடைய துணியையும் அவளே அலசினாள், தரையைத் துடைத்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சின்னவள் பிள்ளையோடு பின்னாலேயே போனாள்.

அங்கே வராந்தாவில் நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம், அவ்வளவுதான். ஆனால் பயம் வாய்க்கு வரும்போது வேறாகத்தானே வருகிறது.

"எல்லாரும் விழுந்து கிடக்கோம். சமைச்சவங்க மட்டும் எப்படி அண்ணி கல்லு மாதிரி நிக்கறீங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். நான் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது இன்னும் மோசமாகக் கேட்கும் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். மூடிக்கொண்டாள்.

கொஞ்சம் வயதான நர்ஸ் ஒருத்தி வந்து விவரம் கேட்டாள். அவளும் விடுமுறையில் வீட்டுக்குப் போகாமல் நின்றவள்தான், கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியிருந்தது. என்ன சாப்பிட்டார், எப்போது சமைத்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரியவள் மறைக்காமல் சொன்னாள். பானையின் ஆழத்தைக் கையால் காட்டினாள். துணி போர்த்தியதையும் சொன்னாள்.

"சூடா மூடி வச்சீங்களா? அவ்வளவு பெரிய பானைல வெளிப்பக்கம்தாம்மா ஆறும். நடுவுல விடிய விடிய வெதுவெதுன்னே இருந்திருக்கும். கொதிக்கிற சூட்டுலயும் கிருமிங்க வளராது, நல்ல குளிர்லயும் வளராது. அந்த வெதுவெதுப்புலதான் வளரும்" என்றாள் நர்ஸ்.

"காலைல தொட்டுப் பார்த்தேனே. ஜில்லுன்னு இருந்ததே."

"பானையைத் தொட்டீங்க. அப்புறம் நல்லா கொதிக்க விட்டீங்களா?"

"சூடு காட்டினேன்."

"காட்டினா பத்தாதும்மா" என்றாள் நர்ஸ். திட்டுகிற குரலே இல்லை. தினமும் இதையே யாருக்காவது சொல்லிச் சொல்லி அலுத்த குரல். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வாடை வராததை வைத்து நல்லது என்று நம்பக் கூடாது, சில கிருமி விடுகிற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது என்று சொல்லிக்கொண்டே ஊசி மருந்தைச் சரி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

பெரியவள் மாமனாரின் கட்டில் ஓரத்தில் குனிந்து விரிப்பின் முனையைப் பிடித்துப் பார்த்தாள். அது அவர்கள் சலவைக்கூடத்தின் முத்திரை குத்திய துணி. ஒருவேளை அவளே மடித்ததாக இருக்கலாம். அதைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"நடு அடுக்கு" என்றாள்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பெரியவள் மறுபடி பேசினாள்.

"துணின்னா தெரிஞ்சுது எனக்கு. இத்தனை வருஷம் மேல ஜில்லுன்னு இருந்தா நம்பாதேன்னு அத்தனை பொண்ணுங்களுக்கும் சொன்னேன். பானைன்னா தெரியலையே."

அவ்வளவுதான் சொன்னாள். அழக்கூட இல்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

மாமனார் பிழைத்துக்கொண்டார். நாலைந்து நாளில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு. கழுத்துச் சதை தொங்கிப் போயிற்று, கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவதே அவருக்கு ஊர்ப் பயணமாகிவிட்டது. நாத்தனார் வந்து பார்த்தாள். அண்ணி கையால் இனிப் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படிக்குள் நின்ற பெரியவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள், விழுந்தது.

அன்றைக்கே பெரியவள் கரண்டியைக் கழுவித் துடைத்துச் சின்னவள் கையில் கொடுத்தாள். "இனிமே நீ பாத்துக்கோ." சண்டை இல்லை, புலம்பல் இல்லை. நறுக்கிக் கொடுப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், அடுப்பைத் துடைப்பாள். இன்னொருவர் வாய்க்குப் போகிற எதையும் அவள் கிண்டவில்லை, உப்புப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய பானையைப் பரண்மேல் ஏற்றிக் கவிழ்த்து வைத்தாள்.

கூடவே இன்னொன்றும் போயிற்று. அந்த வார்த்தை. டீ கொடுத்தால் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவாள். அண்ணன் தம்பி சண்டை போட்டால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். ஆறட்டும் என்று சொல்ல ஆளில்லாமல் அவர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் எதற்கு ஆரம்பித்தோம் என்பதே மறந்து முழிப்பார்கள். சலவைக்கூடத்தில் கூட அடுக்கலாமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்று சிலிண்டர்காரரின் பெண்சாதி வந்து சொன்னாள். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சின்னவள் சொல்லி அனுப்பினாள்.

ஒரு வீட்டில் சமைக்கிறவள் சமைப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சின்னவள் அந்த வருஷம்தான் பார்த்தாள். யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பெரியவள் வேலை முடிந்து வந்து, விருந்தாளி மாதிரி ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதைப் பார்க்க முடியவில்லை. தன் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறவள் மாதிரி இருந்தாள். சின்னவளும் சோர்ந்து போனாள். பிள்ளை ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம், இந்த மௌனம் ஒரு பக்கம். "உன் சமையல் நல்லாத்தாம்மா இருக்கு, மருந்து மாதிரி நேரத்துக்கு எடுத்துக்கறேன்" என்று மாமனார் வேறு சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேறென்னவென்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடியும் விடுமுறை நெருங்கியது. நாத்தனார் போன் செய்தாள். இந்தத் தடவை எல்லோரும் தன் வீட்டுக்கு வந்துவிடுங்கள், சாப்பாடு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். பெரியவர் சரி என்று சொல்லப் போனார். மாமனார் கட்டிலிலிருந்து கையைத் தூக்கினார்.

"என்னை இந்தப் படியில இறக்கணும்னா நாலு பேர் வேணும். அந்த நாலு பேரை இப்பவே கூப்பிடாதே."

போன் வைக்கப்பட்டது. அப்புறம் அவர் பெரியவளைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். சின்னவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

"பெரியவளே, நீதான் பண்ணணும்."

"வேணாம் மாமா."

"உன் கையால ஒரு தடவை செத்துப் பொழைச்சவன் நான். பயம் எனக்குல்ல இருக்கணும்? உனக்கு என்ன வந்துது?"

அவள் மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமனாரும் வற்புறுத்தவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கையில் பெரிய காகிதக் கட்டு ஒன்று. பிரித்தால் அகலமான, ஆழமில்லாத தட்டுகள், ரொட்டிக்கடையில் கழித்தவை. கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினாள். சின்னவள் கரண்டியை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அந்தத் தடவை சமையல் வேறு மாதிரி நடந்தது. உறைந்த கோழிகளை மேடையில் போட்டு வைக்காமல், முன்னாடியே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு தாம்பாளத்தில் இறக்கி இளக விட்டாள். அதன் நீர் வேறு எதன்மேலும் சொட்டக் கூடாது என்று கீழே இருந்ததையெல்லாம் மேலே மாற்றினாள். தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவதை விட்டுவிட்டாள். பச்சைக் கறிக்கு ஒரு பலகை, ஒரு கத்தி. அதை வைத்து வெங்காயத்தைத் தொட்டால் சின்னவள் கையில் அடி விழும் போலிருந்தது. தொடை எலும்பு ஒட்டிய இடத்தில் குத்திப் பார்த்து, சிவப்பு இல்லாமல் தெளிந்த நீர் வருகிற வரைக்கும் அடுப்பை அணைக்கவில்லை.

பரணில் இருந்த பானை இறங்கவே இல்லை. வெந்த கறியை எலும்பிலிருந்து பிரித்து அந்த அகலத் தட்டுகளில் ஒற்றை வரிசையாகப் பரப்பினாள். உருளையிலிருந்து வருகிற துணியை மேஜையில் நீட்டுகிற அதே கை, அதே வீச்சு. சாற்றைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஊற்றி, தொட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டு அதில் இறக்கி வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஆவி அடங்கியதும், கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும்போதே, ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை ஏற்றவில்லை, நடுவில் குளிர் போய்வர இடம் விட்டு வைத்தாள்.

பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். தட்டைத் தொட்டார். முகம் மாறிற்று. "இன்னும் சூடு இருக்கே. மோட்டார்..."

"மோட்டார் போனா போகட்டும்" என்றாள் அவள்.

ஒரு வருஷத்தில் அவள் குரல் கொஞ்சமாவது உயர்ந்தது அப்போதுதான். பெரியவர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ் விடிய விடிய முனகிற்று, போகவில்லை.

மறுநாள் நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். கையில் ஒரு டப்பா. நாலு பேருக்கும் வீட்டிலேயே செய்து எடுத்து வந்திருந்தாள். மேஜையில் அதை வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. எனக்கு இருக்கறது ஒரு வயிறுதான்" என்றாள். பிள்ளைகள் இரண்டும் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன.

அடுப்பில் சாறு தளதளவென்று கொதித்தது. சூடு காட்டுகிற பேச்சே இல்லை. கறியைக் கொட்டி அதுவும் நடுவரைக்கும் கொதிக்கிறதா என்று கிளறிக் கிளறிப் பார்த்தாள். கறி கொஞ்சம் நாராகத்தான் போயிற்று. போகட்டும் என்று விட்டாள். பிறகு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், மேஜையின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல். பாதித் தட்டு காலியான பிறகுதான் எழுந்து மாமனாருக்குப் பரிமாறினாள்.

மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மேஜையைச் சுற்றி எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவர் மென்று, விழுங்கி, "கோழி கொஞ்சம் கிழவனா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், என் வயசுதானே" என்றார். பெரியவர் சிரித்தார். தம்பி சிரித்தான். நாத்தனார் தன் டப்பாவைத் திறந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

எல்லோரும் ஓய்ந்து பேச்சில் உட்காரும் முன்பே பெரியவள் மேஜையைக் காலி பண்ண ஆரம்பித்துவிட்டாள். மிச்சத்தை மறுபடி தட்டுகளில் பரப்பி உள்ளே வைத்தாள். "சாப்பிட்ட வாயை மூடறதுக்குள்ள எடுக்கறாளே" என்று மாமனார் முணுமுணுத்தார்.

சாயங்காலம் நாத்தனார் கிளம்பினாள். படி இறங்குகிற சத்தம் தேய்ந்ததும் மாமனார் பெருமூச்சு விட்டார். இந்தப் பிள்ளை கோபம் இன்னும் தீரவில்லையே, பெரியவளே என்றார். சின்னவள் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள்.

"ஆறட்டும் மாமா" என்றாள் பெரியவள்.

ஓர் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, வீங்கின காலைச் சுவரோரம் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னதும் அவளுக்கே ஏதோ தட்டுப்பட்டது போல நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. எடுத்தது சின்னவள். நாத்தனார் வேறு எதையெதையோ விசாரித்துவிட்டுக் கடைசியில், அங்கே எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே என்று கேட்டாள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று சின்னவள் சொன்னாள். அப்பா? அப்பாவும்தான். சரி வைக்கிறேன் என்று நாத்தனார் வைத்துவிட்டாள். அவள் டப்பா இல்லாமல் வருவதற்கு இன்னும் இரண்டு விடுமுறை ஆயிற்று. அப்படி வந்தபோதும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. தட்டை நீட்டினாள், பெரியவள் போட்டாள். மாமனார் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவரை எடுத்துக்கொண்டு போனது நெஞ்சு வலி, கோழி அல்ல.

அதன் பிறகு பெரியவளை அந்த வார்த்தை விடவே இல்லை, ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை. கோபத்துக்குச் சொல்வாள், புண்ணுக்குச் சொல்வாள், துணிக்குச் சொல்வாள். கறி வெந்து இறங்கினால் ஒரே சொல்தான்: "பரப்பு." சிலிண்டர்காரரின் மகன் இப்போது சுமந்து வருகிறான். அவனும் ஆறட்டும் வீடு என்றுதான் கேட்டு வருகிறான்.

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சலவைக்கூடத்தில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி நிற்கிறாள். அந்த அலுமினியப் பானை பரணிலேயே இருக்கிறது, பழைய துணி போட்டு வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் அக்கா அதே மூன்றாவது மாடியில், சின்னவளோடு இருக்கிறாள். கால் வீக்கம் இறங்குவதில்லை, அதனால் மாமனார் படுத்திருந்த அதே கட்டிலில் படுத்திருக்கிறாள்.